ரோமா நலத்திட்டங்களை மதிப்பிடப் போகிறவர்களுக்கு: இந்தத் தவறுகள் வேண்டாம்

ரோமா என்பவர்கள் ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் சிறுபான்மை இனத்தார். கிழக்கு ஐரோப்பாவில் அவர்களுக்கான நலத்திட்டங்கள் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகளை முதல் வரைவிலேயே படிப்பது என் வேலை. எழுதும் ஆள் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. எங்கள் தலைமுறையும் இதையேதான் செய்தது. சின்ன மாதிரி, குழப்பமான கேள்வி போன்றவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மக்கள்தொகைக் கணக்கால் வகுப்பது

ஸ்லோவாக்கியாவின் 2011 கணக்கெடுப்பில் தங்களை ரோமா என்று பதிந்தவர்கள் சுமார் 1,05,000 பேர். ரோமா குடியிருப்புகளை ஊர் ஊராகத் திரட்டிய 2013 அட்லஸ் சொல்வது ஏறக்குறைய 4 லட்சம். பயன்பெற்றவர்களின் எண்ணிக்கையை முதல் எண்ணால் வகுத்தால் சுமாரான திட்டமும் அமோகமாகத் தெரியும்.

சேர்க்கையை எண்ணிவிட்டு வகுப்பறையை மறப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ‘பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது, திட்டம் வெற்றி’ என்று எழுதிவிடுகிறார்கள். சரி, எந்தப் பள்ளியில்? எந்தப் பிரிவில்?

செக் நகரமான ஓஸ்ட்ராவாவில் ரோமா பிள்ளைகளில் பாதிப் பேர், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் 1.8 சதவீதம்தான். இது வழக்கில் வைக்கப்பட்ட 1999ஆம் ஆண்டுக் கணக்கு. 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் ‘பள்ளியில் படிப்பவர்கள்’!

கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஒரு பள்ளி. வரைவில் வருகைக் கோடு ஏறிக்கொண்டே போனது. பிரிவுவாரிப் பட்டியலைக் கேட்டு வாங்கினால், புதிதாகச் சேர்ந்த ரோமா பிள்ளைகள் எல்லாரும் மதிய ஷிஃப்ட். நேரில் போய்ப் பார்த்தேன். காலை ஷிஃப்ட் பிள்ளைகள் உணவுக்கூடத்தில் சூடான சூப் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மதியப் பிள்ளைகளுக்குப் பையில் கட்டிய பன். வரைவை எழுதியவர் அங்கே காலையில் மட்டும் போயிருக்கிறார்.

இந்தத் தவறுக்கு விலை உண்டு. சேர்க்கை கூடினால் வெற்றி என்று நாம் எழுதிக் கொடுத்தால், அடுத்த தவணைப் பணத்தில் ரோமா குடியிருப்பை ஒட்டியே தனிப் பள்ளி கட்டுவார்கள். சேர்க்கை இன்னும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை எடுத்த கணக்கில், எல்லாரும் அல்லது பெரும்பாலோர் ரோமாவாக உள்ள பள்ளியில் படிக்கும் ரோமா பிள்ளைகள் 2016இல் 44 சதவீதம், 2021இல் 52 சதவீதம். ஆகவே பள்ளி, பிரிவு, ஷிஃப்ட், பக்கத்து இருக்கையில் யார் என்பதையெல்லாம் கேளுங்கள். பட்டியல் தரத் தயங்கும் தலைமையாசிரியரிடம் இன்னும் நிதானமாகக் கேளுங்கள்.

நாட்டுச் சராசரியோடு ஒப்பிடுவது

வேண்டாம். திட்டம் எட்டாத இன்னொரு குடியிருப்போடு ஒப்பிடுங்கள்.

மேயரின் ஆளோடு பேட்டிக்குப் போவது

போகாதீர்கள்.

பதில் சொல்லாதவர்மேல் குறைப்படுவது

2013இல் ஸ்வீடனின் ஸ்கோனே பகுதிப் போலீஸ், குழந்தைகள் உட்பட 4,000க்கும் மேற்பட்ட ரோமா மக்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தது அம்பலமானது. அப்புறம் யார் பெயர் சொல்வார்கள்? பெயரையும் முகவரியையும் பதில் தாளிலிருந்து பிரித்து வையுங்கள். மறுசுற்றுப் பேட்டி முடிந்ததும் அழித்துவிடுங்கள், அழித்ததைப் பதில் தந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.