காசு கொடுக்காமல் கிடைக்கும் வேளாண் கையேடு

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தை, பதிவோ கட்டணமோ இன்றி, தமிழிலேயே கைப்பேசியில் படிக்கலாம். பயிர் வாரியாக ரகம், பருவம், உர அளவு, பூச்சி நோய் மேலாண்மை என எல்லாம் அதில் இருப்பதால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி மருந்து வாங்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, நெல் விதை ஒரு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைக் கட்டுப்படுத்தும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும் என்ற விதைநேர்த்தி முறையை அளவோடு அங்கே காணலாம். வீட்டுத் தேவைக்கென்றால், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பப் பகுதியையும் காளான் வளர்ப்புப் பகுதியையும் முதலில் பாருங்கள். பலர் இவற்றைத் திறப்பதே இல்லை.

எந்தக் கையேடானாலும் அது வெளிவந்த ஆண்டைப் பார்ப்பது அவசியம். ஏனெனில், 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பான் போன்ற பூச்சிக்கொல்லி மருந்துகள் பழைய அச்சுப் பிரதிகளில் பரிந்துரையாக இருக்கக்கூடும். உர அளவும் பொதுப் பரிந்துரைதான் என்பதால், மண் பரிசோதனை முடிவு கையிலிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இணைய வசதி இல்லாதவர்கள் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் துண்டறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கலாம். அல்லது கட்டணமில்லாத உழவர் அழைப்பு மையத்தை 1800 180 1551 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே விளக்கம் பெறலாம்.