ஈஸ்டர் சிம்னெல் கேக்: நடு அடுக்கில்தான் சூட்சுமம்

சிம்னெல் கேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு குச்சிதான். வெந்துவிட்டதா என்று நடுவில் குத்திப் பார்த்தால் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். இன்னும் வேகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு 20 நிமிடம் விடுவோம். மறுபடி குத்தினாலும் அதே பிசுபிசுப்பு. கடைசியில் வெளியே எடுக்கும்போது ஓரம் ரஸ்க் மாதிரி காய்ந்திருக்கும். குச்சியில் ஒட்டியது வேகாத மாவு இல்லை, நடுவில் வைத்த மார்சிபான். அது சூட்டில் இளகும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் குச்சியில் ஒட்டத்தான் செய்யும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சாதாரண பழக் கேக் வேலைதான்.

பாதாம் பொடி, சர்க்கரை, முட்டை மூன்றையும் சேர்த்துப் பிசைவது மார்சிபான். சிம்னெல் கேக்கில் அது இரண்டு இடத்தில் வரும். ஒரு அடுக்கு கேக்கின் வயிற்றுக்குள் சேர்ந்தே வேகும். இன்னொன்று மேலே போர்த்தி, லேசாகச் சிவக்க வாட்டியது. அதன் மேல் 11 மார்சிபான் உருண்டைகள். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் யூதாசை விட்டுவிட்டால் 11. உருண்டை வைப்பது பிற்கால வழக்கம்; அதற்கு முன் சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்களும் சர்க்கரைப் பூக்களும் மேலே இருந்தன.

இது இங்கிலாந்துக் கேக். இன்று ஈஸ்டரோடு சேர்த்துப் பேசினாலும், முதலில் இதற்குரிய நாள் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அதாவது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் 'மதரிங் சண்டே'. தவக்காலக் கட்டுப்பாடு அன்று ஒருநாள் தளரும். வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் அன்று தாயைப் பார்க்க வரும்போது இதைக் கொண்டுவருவார்கள். 1487இல் கலகக்காரர்கள் அரசனாக்கப் பார்த்த லாம்பர்ட் சிம்னெல் என்ற பையனிடமிருந்து பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது சரியில்லை, அவனுக்குப் பல தலைமுறை முன்பே நயமான மாவில் சுட்ட ரொட்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. நைசான கோதுமை மாவைக் குறிக்கும் 'சிமிலா' என்ற லத்தீன் சொல்லே மூலம். ஷ்ரூஸ்பரி, டிவைசஸ், பெரி ஊர்களுக்குத் தனித்தனி வகைகள் உண்டு. டிவைசஸ் சிம்னெல் நட்சத்திர வடிவில் இருக்கும், மார்சிபான் கிடையாது. கீழே உள்ளது எல்லாரும் இப்போது செய்யும் வட்டக் கேக்.

தேவையானவை (20 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. உயர வட்ட டின்)

மார்சிபானுக்கு: தோல் நீக்கிய பாதாம் பொடி 350 கிராம், ஐசிங் சுகர் 175 கிராம், பொடித்த சர்க்கரை 175 கிராம், முழு முட்டை 1, மஞ்சள் கரு 1, எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், பாதாம் எசென்ஸ் கால் டீஸ்பூன்.

கேக்குக்கு: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், வெளிர் பிரவுன் சுகர் 200 கிராம், முட்டை 4 (ஓடு இல்லாமல் 200 கிராம்), மைதா 200 கிராம், பாதாம் பொடி 50 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், மசாலாப் பொடி 2 டீஸ்பூன், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், ஒரு ஆரஞ்சின் தோல் துருவல்.

பழங்கள்: மஞ்சள் உலர் திராட்சை 200 கிராம், சின்னக் கறுப்பு உலர் திராட்சை 150 கிராம், பாகில் ஊறிய செர்ரி 75 கிராம், சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சு-எலுமிச்சைத் தோல் 75 கிராம்.

கடைசி வேலைக்கு: ஆப்ரிகாட் ஜாம் 2 டேபிள்ஸ்பூன், அடித்த முட்டை 1.

மசாலா என்பது ஆங்கிலேயர் வீட்டு 'மிக்ஸ்டு ஸ்பைஸ்'. பட்டை 1 டீஸ்பூன், மல்லி விதைப் பொடி அரை, ஜாதிக்காய் கால், சுக்கு கால், கிராம்பு ஒரு சிட்டிகை. கேக்கில் மல்லியா என்று தயங்க வேண்டாம். ஆரஞ்சுத் தோலின் மணத்தைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான். ஆனால் மல்லியை வறுக்கக் கூடாது. வறுத்தால் குழம்பு வாசனை வந்துவிடும். பழத்தோலுக்குப் பதில் டூட்டி ஃப்ரூட்டி போடுவதும் சரிவராது. அது பப்பாளிக்காய். இனிப்புத் தரும், இந்தக் கேக்குக்கு வேண்டிய கசப்பைத் தராது. நல்ல பழத்தோல் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு ஆரஞ்சுத் துருவலை இரண்டு மடங்காக்குங்கள்.

முந்தின நாள்

திராட்சை இரண்டையும் பால் கலக்காத சூடான டீ 60 மி.லி.யில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காய்ந்த திராட்சையை அப்படியே போட்டால் அது மாவின் ஈரத்தை உறிஞ்சும், கேக் மூன்றாம் நாளே உதிரும். காலையில் வடிகட்டித் துணியில் பரப்பிவிடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டாலும் கெடுதல்தான்: பழத்தைச் சுற்றி மாவு இளகி, எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். செர்ரியைப் பாதியாக நறுக்கி, பாகு போக வெந்நீரில் அலசி, ஒற்றி எடுத்து ஒரு ஸ்பூன் மைதாவில் பிரட்டுங்கள். அலசாத செர்ரிதான் முதலில் மூழ்கும்.

மார்சிபானையும் முந்தின நாளே செய்துவிடலாம். பாதாமைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்தால் தோல் விரலில் நழுவி வரும். உரித்ததும் அரைக்கக் கூடாது. ஈரம் போக 100 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். அரைக்கும்போது பொடித்த சர்க்கரையில் பாதியைச் சேர்த்து, மிக்ஸியை இரண்டிரண்டு விநாடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி, பாதாம் எண்ணெய் விட்டு, அடியில் வெண்ணெய் போல அப்பிக்கொள்ளும். அதை மறுபடி பொடியாக்க வழியில்லை.

பழைய முறையில் பச்சை முட்டையை அப்படியே ஊற்றிப் பிசைவார்கள். மேல் அடுக்கை வாட்டினாலும் உள்ளே இருக்கும் முட்டை வேகாது. அதனால் முட்டையையும் மஞ்சள் கருவையும் மீதி சர்க்கரை எல்லாவற்றோடும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து, மெல்லக் கொதிக்கும் நீரின் மேல் வைத்து அடித்துக்கொண்டே இருங்கள். வெளுத்துக் கெட்டியாகி, தெர்மாமீட்டர் 72 டிகிரி காட்டியதும் இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு, எசென்ஸ், பாதாம் பொடி சேர்த்துக் கரண்டியால் கிளறி, ஆறியபின் கையால் ஒன்று சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் எண்ணெய் கசிந்து, தேய்க்கும்போது விரிசல் விடும். எசென்ஸைக் கூட்ட வேண்டாம், அரை டீஸ்பூன் ஆனாலே மருந்து வாடை வரும்.

கிடைத்த மாவை எடை போட்டு மூன்றாகப் பிரியுங்கள்: நடு அடுக்குக்கு 250 கிராம், உருண்டைகளுக்கு 165, மீதி மேல் அடுக்குக்கு. ஒவ்வொன்றையும் கிளிங் ஃபிலிமில் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள்.

கேக் மாவு

டின்னுக்குள் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போட்டு, வெளியே பிரவுன் பேப்பரையும் இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். இரண்டு மணி நேர வேக்காட்டில் ஓரம் கருகாமல் காப்பது இதுதான். ஓவனை 150 டிகிரிக்கு (ஃபேன் இருந்தால் 135) சூடாக்குங்கள்.

வெண்ணெய் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்த வெண்ணெய் அரை மணியிலேயே அந்த நிலையைத் தாண்டிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. சர்க்கரை சேர்த்து 5, 6 நிமிடம், நிறம் வெளுத்துப் பொங்கும் வரை அடியுங்கள். துருவல்களைச் சேர்த்து, முட்டையை ஒவ்வொன்றாக, ஒன்று கலந்தபின் அடுத்தது என்று ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் முட்டை என்றால் கலவை தயிர் போலத் திரியும். திரிந்தால் ஒரு ஸ்பூன் மைதா போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாவைச் சேர்த்துச் சலித்து, பாதாம் பொடியோடு கலந்து கரண்டியால் மடித்துச் சேருங்கள். பிறகு பழங்கள். பதம்: கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒரு நொடி தயங்கி, கட்டியாக விழ வேண்டும். ஓடி வடிந்தால் பழமும் மார்சிபானும் அடிக்குப் போய்விடும். இன்னும் 2 டேபிள்ஸ்பூன் மைதா சேருங்கள்.

நடு அடுக்கு

250 கிராம் மார்சிபானை ஐசிங் சுகர் தூவித் தேயுங்கள். மைதா தூவக் கூடாது, ஈரத்தில் ஊறி அது புளிக்கும். வட்டம் டின்னைவிட 1 செ.மீ. சிறியதாக, 19 செ.மீ. இருக்கட்டும். டின் அளவுக்கே வெட்டினால் விளிம்பில் மார்சிபான் உருகிக் கருகும். மேல் கேக்கும் கீழ்க் கேக்கும் ஒட்ட இடமில்லாமல் வெட்டும்போது மூடி மாதிரி கழன்று வரும். கனம் 7 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மாவில் பாதியை டின்னில் போட்டு, ஈரக் கரண்டியின் முதுகால் சமப்படுத்துங்கள். வட்டத்தை நடுவில் வைத்து, மையத்திலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். அடியில் காற்று மாட்டினால் அந்த இடம் வெந்தபின் குகையாகத் தெரியும். மீதி மாவை மேலே போட்டு, நடுவில் லேசாகக் குழித்துவிடுங்கள். வேகும்போது நடு எழும்பிச் சமமாகிவிடும்.

வேக்காடு

ஓவனின் நடுத் தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். சின்ன ஓடிஜி என்றால் மேல் கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும், கீழ்க் கம்பியை மட்டும் போடுங்கள். முதல் ஒரு மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். ஒன்றேகால் மணியில் மேலே ஃபாயில் தளர்வாக மூடுங்கள். மொத்தம் 2 மணி முதல் இரண்டேகால் மணி வரை ஆகும். 1 மணி 50 நிமிடத்திலிருந்து சோதிக்கலாம்.

காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். வேகாத பழக் கேக் உள்ளே சிறு கொதிப்பாகச் சலசலக்கும். வெந்ததும் அந்தச் சத்தம் ஏறக்குறைய அடங்கிவிடும். மேலே அழுத்தினால் குழி திரும்ப எழும்ப வேண்டும், ஓரம் காகிதத்தை விட்டு லேசாக விலகியிருக்க வேண்டும். குச்சியைச் சாய்வாக 2 செ.மீ. ஆழம் மட்டும் குத்தினால் மேல் பாதியைப் பற்றி உண்மை சொல்லும். கீழ்ப் பாதிக்குத் தெர்மாமீட்டரே கதி: ஊசி மார்சிபானைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும், 96 முதல் 98 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். ஊசி பிசுபிசுவென்று வரும், கண்டுகொள்ள வேண்டாம்.

டின்னிலேயே முழுதாக ஆறட்டும். சூட்டோடு கவிழ்த்தால் இளகிய நடு அடுக்கில் மேல் பாதி வழுக்கும். வெட்டிப் பார்க்கும்போது மார்சிபானை ஒட்டி 2, 3 மி.மீ. கேக் ஊறினாற்போல ஈரமாக இருப்பது இயல்பு. அதற்கு மேல் பச்சையாக இருந்தால்தான் வேகவில்லை என்று பொருள்.

மேல் அடுக்கும் உருண்டைகளும்

மறுநாள் செய்வதே நல்லது. மேல் மேடு இருந்தால் சீவிவிடுங்கள். ஜாமைச் சூடாக்கி வடிகட்டி மெல்லப் பூசுங்கள். மீதி மார்சிபானை 20 செ.மீ. வட்டமாகத் தேய்த்துப் போர்த்தி, விளிம்பை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டே வாருங்கள், சோமாசு ஓரம் மடிப்பது போல. மேலே கத்தி முனையால் கட்டம் கட்டமாகக் கீறினால் வாட்டும்போது கோடுகள் அழகாகத் தெரியும். 165 கிராமைத் தராசில் 15 கிராம் வீதம் பிரித்து 11 உருண்டை பிடியுங்கள். கண்ணளவில் பிடித்தால் ஒன்று நெல்லிக்காயாகவும் ஒன்று கோலிக்குண்டாகவும் வந்து நிற்கும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. உருண்டை கிரில் கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதால் வட்டம் நிறம் மாறும் முன்பே அதன் தலை கருகிவிடும். அதனால் முதலில் வட்டத்தில் மட்டும் முட்டை பூசி, கம்பியிலிருந்து 10 செ.மீ. தள்ளி 1, 2 நிமிடம் வாட்டுங்கள். வெளியே எடுத்து, உருண்டைகளின் அடியில் முட்டை தொட்டு ஓரமாக ஒட்டி, தலையில் முட்டை பூசி இன்னும் அரை நிமிடம் வாட்டினால் போதும். அந்த நேரத்தில் ஓவன் முன்னால் இருந்து நகரக் கூடாது. பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையில் 15 விநாடிதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.

இது கிறிஸ்துமஸ் கேக் போல மாதக்கணக்கில் பிராந்தி ஊற்றி வளர்ப்பதில்லை. அலங்கரிக்காத கேக்கைப் பேப்பரில் சுற்றி இரண்டு வாரம் வைக்கலாம். மார்சிபான் போர்த்தியபின் மூடிய டப்பாவில் ஒரு வாரம். புழுக்கமான ஊரில் நாலாம் நாளிலேயே மேல்புறம் கசியத் தொடங்கும், அப்போது டப்பாவோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விட்டால் ஈரம் கேக்கில் படியாமல் டப்பாவின் மேலேயே படியும்.

வெட்டுவதற்கு நீளமான மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடையுங்கள். வட்டத்தைப் பதினொன்றாகப் பிரிப்பது கண்ணுக்குக் கடினம். இரண்டு உருண்டைகளுக்கு நடுவே கத்தியை இறக்கினால் துண்டுகள் தானாகவே சமமாக வரும், ஆளுக்கொரு உருண்டையும் கிடைக்கும்.