மொறிஸ் மைனர் காருக்கு நவீன எஞ்சின் பொருத்தும் முறை

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எஞ்சினுக்கு விலை பேசுமுன், அதன் ஈசியூ பெட்டியும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயர் தொகுதியும் கியர் பெட்டியும் ஒரே வாகனத்திலிருந்து கழற்றப்பட்டவையா என உறுதிசெய்துகொள்ளுங்கள். வயர்களை இடையில் வெட்டியிருந்தால் வாங்க வேண்டாம்.

பழைய மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடற்பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். நவீன எஞ்சினுக்கு எதிர்முனையே அவ்வாறு இணைக்கப்பட வேண்டும் என்பதால், இதை மாற்றாமல் சாவியைத் திருப்பினால் ஈசியூ பழுதாகிவிடும். காபரேற்றருக்குப் பெற்றோல் அனுப்பிய பழைய பம்ப், நவீன எஞ்சினில் பெற்றோலைத் தெளிக்கும், ஏறத்தாழ 3 பார் அழுத்தம் வேண்டிய இன்ஜெக்டர்களுக்குப் போதாது. பம்போடு குழாய்களையும் மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், வேகத்தைக் கூட்டுமுன் முன்சில்லுகளின் டிரம் பிரேக்கை அகற்றி டிஸ்க் பிரேக் பொருத்துவதே முதல் வேலை. கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் எஞ்சின் கொதிக்காதபடி பெரிய றேடியேற்றரும் தேவை. எஞ்சின் இலக்கம் மாறுவதால், நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழையும் திருத்திக்கொள்ளுங்கள்.