அக்காவுக்கு சீணம், அத்தானுக்கு கோவம்: வீட்டுல டிப்ரஷனை எப்படி கண்டுபிடிக்கிறது

கன்னியாகுமரி ஜில்லாவுல தக்கலை பக்கம் எங்க அக்கா வீட்டுல ஒரே மழைக்காலத்துல ரெண்டு பேருக்கும் டிப்ரஷன் வந்துச்சு, ரெண்டையுமே நாங்க யாரும் கண்டுபிடிக்கல. அக்காவுக்கு அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிப்பருப்பு பேக்டரியில வேலை, எப்ப போன் பண்ணினாலும் "சீணமா இருக்கு மக்களே"ன்னுதான் சொல்லுவா, சீணம்னா எங்க ஊர்ல உடம்பு சோர்வு, நாங்களும் ரத்தம் கம்மியா இருக்கும்னு பீட்ரூட்டும் பேரிச்சம்பழமும் வாங்கி குடுத்துட்டு வந்துட்டோம். அத்தான் ரப்பர் வெட்டுறவரு, மழையில வெட்டு நின்னு கையில காசு இல்ல, சாயங்காலம் ஆனா டாஸ்மாக், வீட்டுக்கு வந்தா சோத்து ஏனத்த தூக்கி எறியுறது. அவர குடிகாரன்னு முடிவே பண்ணியாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தான்னு புரியுறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. நான் டாக்டர் இல்ல மக்கா, ஆனா கூட ஓடி அலைஞ்சதுல கத்துக்கிட்டது கொஞ்சம் இருக்கு, அதத்தான் இங்க டைப் பண்றேன்.

முதல் வேலை, ஆள அவங்களோட பழைய ஆளோடதான் ஒப்பிடணும். பக்கத்து வீட்டுக்காரியோட இல்ல, உங்களோடயும் இல்ல. அத்தான் தினமும் சாயங்காலம் திண்ணையில உக்காந்து வெட்டுக்கத்திய கல்லுல தீட்டுவாரு, பெருவிரல்ல கூர் பாப்பாரு, பழைய வேட்டித்துணியில சுத்தி ஓட்டுக்கு அடியில சொருகி வைப்பாரு, கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பாத்த காட்சி அது. மழை விட்டு மரம் காஞ்சு எல்லாரும் வெட்டு ஆரம்பிச்ச பிறகும் அந்த கத்தி ஜன்னல் படியில துருப்பிடிச்சு கிடந்துச்சு. நாங்க எல்லாரும் பாட்டில எண்ணிக்கிட்டு இருந்தோம், கத்திய ஒருத்தரும் பாக்கல. உங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கும், பூச்செடிக்கு தண்ணி விடுறதோ, கிரிக்கெட் பாக்குறதோ, சர்ச் கொயர்ல பாடுறதோ, எது நின்னுச்சுன்னு பாருங்க. மனசு சோர்ந்து கிடக்கிறதோ, எதுலயும் இஷ்டம் இல்லாம போறதோ, இதுல ஒண்ணாவது அனேகமா தினமும் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்து, அதோட தூக்கம், பசி, கவனம் இதெல்லாமும் மாறிப்போச்சுன்னா டாக்டர்கிட்ட போற நேரம் வந்தாச்சு.

பொம்பளைங்ககிட்ட இது பெரும்பாலும் உடம்பு வழியா பேசும். தலைவலி, முதுகுவலி, சீணம், தூக்கம் கூடுறது இல்லன்னா குறையுறது, "என்னாலதான் எல்லாம்"னு தன்னையே ஏசிக்கிறது, ஒரே நினைப்ப ராத்திரி பூரா திருப்பித் திருப்பி அரைச்சுக்கிட்டே கிடக்கிறது. வயசும் கவனிக்கணும். சின்ன பிள்ளைங்கள்ல ஆண் பெண் வித்தியாசம் பெருசா கிடையாது, வயசுக்கு வர்ற சமயத்துலதான் பிரிய ஆரம்பிக்குது, அப்புறம் பல நாட்டு கணக்குலயும் பொண்ணுங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு வருது. பிரசவத்துக்கு அப்புறம், மாதவிடாய் நிக்கிற காலம், இந்த ரெண்டு சமயமும் ரொம்ப உஷாரா இருக்கணும். ஆனா ஒண்ணு, எல்லா சீணமும் டிப்ரஷன் கிடையாது, தைராய்டு குறைவு, ரத்த சோகை, பி12 குறைவு மூணும் அச்சு அசலா இதே மாதிரி வரும், அதனால முதல்ல அந்த ரத்த டெஸ்ட எடுத்துடுங்க. அக்காவுக்கு அதுக்கு பதிலா ஒரு இடத்துல வயித்துக்கு மூணு தடவ ஸ்கேன் எடுத்தாங்க, மனசு எப்படி இருக்குன்னு ஒரு தடவகூட கேக்கல, அந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

ஆம்பளைங்க அழுறது கம்மி. கோவம், குடி, பைக்க கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறது, வேலையிலயே முழுகிக் கிடக்கிறது, யார் போனும் எடுக்காம இருக்கிறது, இந்த மாதிரிதான் வெளிய தெரியும். 2013ல ஜாமா சைக்கியாட்ரி ஜர்னல்ல ஒரு அமெரிக்க ஆராய்ச்சி வந்துச்சு, வழக்கமான அறிகுறியோட கோவம், குடி, ரிஸ்க் எடுக்கிறது எல்லாத்தையும் சேத்து எண்ணினா ஆம்பளைங்கள்ல 30.6 சதவீதம் பேருக்கு, பொம்பளைங்கள்ல 33.3 சதவீதம் பேருக்கு டிப்ரஷன், கிட்டத்தட்ட சமம். அப்படின்னா அந்த ரெண்டு மடங்குல ஒரு பங்கு நாம எத எண்ணுறோங்கிறதுலயும் இருக்கு. அதுக்காக கைய நீட்டுறவன பாவம் நோயாளின்னு பொறுத்துக்கிட்டு போகச் சொல்லல, அடி விழுந்தா முதல்ல பொம்பளையும் பிள்ளைங்களும் பத்திரமான இடத்துக்கு போகணும், வைத்தியம் எல்லாம் அப்புறம்.

மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு கேப்பீங்க. ஸ்ட்ரெஸ் வந்தா மூளையில ஹைப்போதலாமஸ்ங்கிற பகுதி சி.ஆர்.எஃப்னு ஒரு கெமிக்கல விடும், அது மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரி சுரப்பிய கிளப்பி விடும், அது கிட்னி மேல இருக்க அட்ரினல் சுரப்பிய கிளப்பி விட்டு கார்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இறங்கும். 2010ல பிலடெல்பியாவுல டெப்ரா பங்காசர், ரீட்டா வாலன்டினோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகள வச்சு பாத்ததுல, மூளையில நம்மள உஷாராக்குற லோகஸ் செருலியஸ்ங்கிற இடத்துல, ஸ்ட்ரெஸ் கூடினா ஆண் எலியோட செல் அந்த கெமிக்கல பிடிக்கிற ரிசப்டர உள்ள இழுத்துக்குது, பெண் எலியில அப்படி இழுக்கல. அதாவது அவளுக்கு அலாரம் அடங்க மாட்டேங்குது. எலிதான், மனுஷன் இல்ல, அத மறந்துடாதீங்க. இன்னொண்ணு, 2015ல டாப்னா ஜோயல்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 1,400 பேருக்கு மேல மூளை ஸ்கேன பாத்துட்டு, முழுசா ஆண் மூளை முழுசா பெண் மூளைன்னு ரெண்டு ஜாதி கிடையாது, அனேகமா எல்லாருக்கும் கலந்துதான் இருக்குன்னு சொன்னாங்க. அதனால நான் மேல சொன்னத சட்டமா எடுத்துக்காதீங்க, வாய் விட்டு அழுற அத்தானும் இருப்பாரு, ஏனத்த எறியுற அக்காவும் இருப்பா.

இனி பேச்சு எப்படி ஆரம்பிக்கிறது. அக்காகிட்ட "சவத்த விடு, கோயிலுக்கு போயிட்டு வா"ன்னு சொன்னதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. அவ வெப்ராளத்த, மனசுல கிடக்குற ஆதங்கத்த கொட்டும்போது குறுக்க பேசாம கேளுங்க, ஆனா அதே கதைய தினமும் ரெண்டு பேரும் சேந்து அரைக்காதீங்க, அதுலயும் நோய் கூடும். அட்வைஸ விட ஒரு வேலைய கையில இருந்து வாங்குங்க, நான் பிள்ளைங்கள ஸ்கூல்ல விடுறத எடுத்துக்கிட்டேன், அதுலதான் அவளுக்கு காலையில ஒரு கட்டன் சாயா உக்காந்து குடிக்க நேரம் கிடைச்சுது. அத்தான்கிட்ட நேருக்கு நேர் உக்காந்து "உங்களுக்கு மனசு சரியில்ல"ன்னு சொன்னா எந்திரிச்சு போயிடுவாரு, பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு வேலை செய்யும்போது கேக்கணும், அதுவும் மனச பத்தி இல்ல, தூக்கத்த பத்தி. "அத்தான், ராத்திரி தூங்குறீங்களா?" அவ்வளவுதான் கேட்டேன், ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "மூணு மணிக்கு முழிச்சிருதேன்டே, பொழுது விடியவே மாட்டேங்குது"ன்னாரு. குடிச்சிருக்கும்போதும் பிள்ளைங்க முன்னாலயும் பேசவே கூடாது.

ஆபத்து இருக்கான்னு நேரடியா கேட்டுடுங்க, "சாகணும்னு தோணுதா?"ன்னு கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது. தற்கொலைக்கு முயற்சி பண்றதுல பொம்பளைங்கதான் அதிகம், ஆனா நம்ம நாட்டுல 2022ல தற்கொலையில போனவங்கள்ல 100க்கு 70 பேருக்கு மேல ஆம்பளைங்க, அதனால வாயே திறக்காத ஆள்கிட்ட கட்டாயம் கேளுங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, ஆபத்தான சாமானையும் மாத்திரையையும் பூட்டி வைங்க, 14416 டெலிமானஸ்ங்கிற அரசு மனநல போன் உதவி, இல்லன்னா 104 அரசு சுகாதார ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். உடனடி ஆபத்துன்னா 108 ஆம்புலன்ஸ். போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து மறைக்கிறாங்க நிறைய பேரு, 2017 மனநலச் சட்டம் வந்த பிறகு தப்பிப் பிழைச்சவர கடுமையான மன அழுத்தத்துல இருந்தவராத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு நம்ம ஜில்லாவுல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவு போதும், காலையில சீக்கிரம் போயிடுங்க, பழைய ரிசல்ட்டு, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல எடுத்துட்டு போங்க. குடிய குறைச்சு சொல்லாதீங்க, கர்ப்பமோ பால் குடுக்குறதோ இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும், அதுக்குள்ள பிரயோஜனம் இல்லன்னு நிறுத்துறவங்க நிறைய பேரு. சில மாத்திரையால தாம்பத்தியத்துல சிக்கல் வரும், ஆம்பளைங்க வெக்கப்பட்டு சொல்லாம தானா நிறுத்திடுவாங்க, டாக்டர்கிட்ட சொன்னா மாத்தி குடுப்பாரு, திடீர்னு மட்டும் நிறுத்தக் கூடாது. ரெண்டு பேர கூட்டிட்டு போறீங்கன்னா ரெண்டு ஓபி சீட்டு போடுங்க, தனித்தனியா உள்ள அனுப்புங்க, ஒருத்தர் இருக்கும்போது இன்னொருத்தர் வாய் திறக்க மாட்டாங்க.