கொலுசுத் தராசும் பச்சைப்பயறும்: நானோ துத்தநாக முளைப்புச் சோதனை செய்வது எப்படி?

ஆத்தூர் பக்கம் மக்காச்சோளக் குருத்து வெளுத்துப்போனால், "ஜிங்க் சல்பேட் போடுங்க" என்பார் உரக்கடைக்காரர். அதே துத்தநாகத்தை நானோ துத்தநாக ஆக்சைடாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளாகக் கொடுத்தால் விதை நன்றாக முளைக்குமா என்பது இப்போது பிராஜெக்ட் மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. நான் பார்த்த ரிப்போர்ட்டுகள் பலவற்றில் நானோ ஒரு தட்டு, வெறும் தண்ணீர் ஒரு தட்டு, அவ்வளவுதான். நாற்று நன்றாக வந்தால் அது துத்தநாகத்தின் வேலையா, நானோவின் வேலையா என்று இதில் எப்படித் தெரியும்? அதனால் சாதாரண துத்தநாக ஆக்சைடும் ஜிங்க் சல்பேட்டும் கட்டாயம் வேண்டும்.

விதைக்குப் பச்சைப்பயறு போதும், சீக்கிரம் முளைக்கும். மருந்து கலக்காத விதையாகக் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் மக்காச்சோளம் வாங்கி, அந்த ரோஸ் நிறம் பூஞ்சைக்கொல்லிப் பூச்சு என்பது தெரியாமல் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

அடுத்து தண்ணீர். சேலத்து போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை படிய வைக்கும் உப்புத் தண்ணீர். அதில் நானோ பொடியைப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால் மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் நானோ ஏது? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நிறுப்பது. 0.1 கிராமை நேராக நிறுக்க முயலாதீர்கள். 10 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் கூட பத்தில் ஒரு பங்கு பிசகலாம். 1 கிராம் நானோ பொடியை (லேபிளில் 100 நானோமீட்டருக்குக் கீழ் என்று இருக்கட்டும்) 1 லிட்டரில் கலக்குங்கள். இது 1000 பிபிஎம் (இங்கே பிபிஎம் என்பது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு). அதில் 500 மில்லியை எடுத்து 1 லிட்டராக்கினால் 500 பிபிஎம், 100 மில்லியை 1 லிட்டராக்கினால் 100 பிபிஎம். மீதி 400 மில்லி அப்படியே 1000 பிபிஎம். பொடியைத் தொடும்போது மாஸ்க், கையுறை போட்டு, ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

சாதாரண ஆக்சைடையும் இதே வழியில் 100 பிபிஎம் ஆக்கலாம். சல்பேட்டுக்கு மட்டும் ஒரு கணக்கு. 100 மி.கி. துத்தநாக ஆக்சைடில் சுமார் 80 மி.கி. துத்தநாகம் இருக்கிறது. அதே அளவு கிடைக்க, ஏழு நீர் மூலக்கூறு உள்ள ஜிங்க் சல்பேட் 353 மி.கி. வேண்டும். ஆகவே 3.53 கிராமை 1 லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லியை 1 லிட்டராக்குங்கள்.

தராசுக்கு நான் போனது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவரின் கொலுசுப் பட்டறைக்கு. அங்கே இன்னொரு வசதியும் இருந்தது: நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி. கரைசல் பாட்டிலை மூடி, தொட்டித் தண்ணீரில் நிறுத்தி அரை மணி நேரம் ஓட்டினால் கட்டிகள் ஓரளவு உடையும். "விதைக்குப் பாலிஷா சார்?" என்று பட்டறைக்காரர் சிரித்தார். இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், வடிகட்டிவிடாதீர்கள்.

விதை மேலுள்ள கிருமி போக, ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச் திரவம்) 5 நிமிடம் போட்டு, நாலைந்து முறை அலசி, அந்தந்தக் கரைசலில் 3 மணி நேரம் ஊறவிடுங்கள். பெட்ரி தட்டில் வடிதாள் விரித்து, 5 மில்லி கரைசல் விட்டு, தட்டுக்கு 10 விதை வையுங்கள். நானோ மூன்று அளவு, சாதாரண ஆக்சைடு, சல்பேட், வெறும் தண்ணீர் என ஆறு வகை, வகைக்கு ஐந்து தட்டு, மொத்தம் 300 விதை. எல்லாத் தட்டும் ஒரே அறையில் இருக்கட்டும். பாதியை ஏற்காட்டிலும் பாதியைச் சேலத்திலும் வைத்தால் குளிரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். தாள் காய்ந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் தெளியுங்கள்; கரைசலையே மறுபடி ஊற்றினால் அளவு ஏறிவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். முளைவேர் 2 மி.மீ. வெளியே வந்தால் முளைத்ததாகக் கணக்கு. இதில் வித்தியாசம் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். விதையுறை ஓரளவு காப்பதால், முளைப்பு சதவீதம் பெரும்பாலும் அசையாது. அடி விழுவது வேருக்கு. ஏழாம் நாள் நாற்றை எடுத்துக் கறுப்புத் தாளில் கிடத்திப் பாருங்கள். தண்ணீர் தட்டு நாற்றின் வேர் நீண்டு, பக்கவேர்கள் மீசை மாதிரி பிரிந்திருக்கும். அளவு மிஞ்சிய தட்டில் வேர் குட்டையாகத் தடித்து, நுனி பழுப்பேறி நிற்கும். வேரையும் தண்டையும் தனித்தனியே ஸ்கேலில் அளந்து எழுதுங்கள்.

நாற்று எவ்வளவு வலுவாக வந்தது என்பதை ஒரே எண்ணில் காட்டும் வீரியக் குறியீட்டுக்கு முளைப்பு சதவீதத்தை நாற்றின் சராசரி நீளத்தால் பெருக்க வேண்டும். உதாரணமாக 90 சதவீதம், 18 செ.மீ. என்றால் 1620.

நானோவும் சாதாரண ஆக்சைடும் ஒரே மாதிரி வந்தால், துகள் நுண்ணியதாக இருப்பதால் தனி லாபம் இல்லை என்று எழுதத் தயங்காதீர்கள். சல்பேட் தட்டிலும் வேர் குட்டையாக இருந்தால், கரைந்த துத்தநாகத்தின் மேல்தான் முதல் சந்தேகம். பயிருக்குப் பயிர் அளவும் மாறும். 2012-இல் வெளியான நிலக்கடலை ஆய்வில் 1000 பிபிஎம் முளைப்பைக் கூட்டியது, 2000 பிபிஎம் குறைத்தது. 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வில் முள்ளங்கி வேர் சுமார் 50 பிபிஎம்மிலேயே பாதியாகக் குறுகிவிட்டது.

மிச்சக் கரைசலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். துத்தநாகம் மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் ஆகாது. ஒரு கேனில் சேர்த்து, கல்லூரி ஆய்வகக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். ஊறிய பயறு மீதி இருந்தால் அதையும் அதே கேனில் போடுங்கள், சுண்டலுக்கு வேண்டாம்.