சிறப்புக் குழந்தைங்களுக்கு அசிஸ்டன்ட்டா ட்ரெய்னிங் போறீங்களா, இந்த தப்பெல்லாம் வேணாம்

கடலூர், பாண்டி பக்கம் இப்ப நிறைய பேர் ஸ்பெஷல் ஸ்கூல்லயும் தெரபி சென்டர்லயும் அசிஸ்டன்ட்டா சேரணும்னு ட்ரெய்னிங் தேடுறீங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா மூணே மாசத்துல ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகலாம்னு எவனாவது நோட்டீஸ் ஒட்டியிருந்தா உடனே பணத்த கட்டிடாதீங்க. 1992ல வந்த சட்டப்படி ஸ்பெஷல் எஜுகேட்டரா வேலை பாக்க ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேணும், அதுக்கு அவங்க அங்கீகாரம் குடுத்த கோர்ஸ்தான் படிச்சிருக்கணும். ஆர்சிஐ வெப்சைட்ல அந்த சென்டர் பேரு இருக்கான்னு நீங்களே பாருங்க, அவங்க வாய்வார்த்தைய நம்பாதீங்க.

சேந்ததுக்கு அப்புறம் முக்காவாசி பேர் பண்றது ஒரே தப்புதான், பாசத்துல பண்றது. புள்ளைக்கு எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுத்துடறது. டிபன் பாக்ஸ் மூடிய அது தொடறதுக்குள்ள நாம தொறந்துடுவோம், செருப்ப மாட்டி விடுவோம், கைய புடிச்சு கலர் அடிக்க வெப்போம், பேப்பர் அழகா இருக்கும் ஆனா அதுல புள்ளையோட வேலை எதுவுமே இருக்காது. பேசறதும் அப்படித்தான், "எடு, எடும்மா, இத எடு, இங்க பாரு"ன்னு நாலு தடவ அடுக்குனா அதுக்கு மண்டைல எதுவும் ஏறாது. ஒரே தடவ சின்னதா சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, சில புள்ளைங்களுக்கு காதுல விழுந்தது புரிஞ்சு கை அசையவே அவ்ளோ நேரம் ஆகும்.

செருப்பு உதாரணத்தையே எடுத்துக்கோங்க, பெல்ட் வெச்ச செருப்புன்னா கால நுழைச்சு, குதிகால உள்ள தள்ளி, பெல்ட்ட இழுக்கற வரைக்கும் நீங்க செஞ்சுட்டு கடைசியா அத அமுக்கி ஒட்டறத மட்டும் புள்ளைகிட்ட விடுங்க, அது முடிச்ச சந்தோஷம் அதோட மூஞ்சிலயே தெரியும். அது பழகுனதும் இழுக்கறதையும் விடுங்க, இப்படியே பின்னாடிலேந்து ஒவ்வொண்ணா. பேக்வர்ட் செய்னிங்னு ட்ரெய்னிங்ல நோட்ஸ் எழுத வெப்பாங்க, எழுதறதோட விட்டுடாதீங்க, செஞ்சு பாருங்க.

புள்ள கடிச்சா, தலைய முட்டிக்கிட்டா அடங்காப்பிடாரின்னு முத்திரை குத்தாதீங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அப்புறம் நாம என்ன பண்ணோம்னு ரெண்டையும் அன்னிக்கே எழுதி வைங்க. மிக்ஸி சத்தமா இருக்கலாம், பாத்ரூம் போகணும்னு சொல்லத் தெரியாம இருக்கலாம்.

அப்புறம் வலிப்பு, இதுல தப்பு பண்ணா உயிருக்கே ஆபத்து. கைல இரும்பு சாவி குடுக்கறது, வாய்ல ஸ்பூன் வெக்கறது, தண்ணி ஊத்தறது, கை கால அமுக்கி புடிக்கறது எதுவுமே வேணாம். ஒருக்களிச்சு படுக்க வெச்சு, தலைக்கு கீழ துணி குடுத்து, கடிகாரத்த பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108க்கு போன் போடுங்க. சாப்பாடு ஊட்டும்போதும் தலைய பின்னால சாய்ச்சு ஊட்டாதீங்க, சிபி (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராதது) உள்ள புள்ளைங்களுக்கு சாப்பாடு மூச்சுக்குழாய்க்கு போயிடும், நிமிந்து உக்கார வெச்சு ஊட்டணும்.

அம்மா வந்து "எப்ப மிஸ் பேசுவான்?"னு கேப்பாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கும். ஆறு மாசத்துல பேசிடுவான்னு ஆறுதலுக்குக்கூட சொல்லிடாதீங்க, அந்த தேதிய நம்பி அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இன்னிக்கி தண்ணி வேணும்னு படத்த காட்டி கேட்டான்னு நடந்தத சொல்லுங்க. அதுவும் புள்ள முன்னாடி அவன் கொறைய பேசாதீங்க, பேச வராதே தவிர அவனுக்கு காது கேக்குது.