சங்க கால ஔவைக்குத் தலை வாரிவிடுவது எப்படி

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் 22 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஆண்டுவிழா சமயத்தில் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். நம்ம ஊர்தான் அந்தக் காலத் தகடூர் ஆயிற்றே, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் நாடகம் இல்லாத விழாவே கிடையாது. ஔவையாக நடிக்கிற பாப்பாவைக் கூட்டிவருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, முடியை வெள்ளையாக்கிடுங்க."

நானும் பல வருடம் வெள்ளை ஸ்பிரே அடித்துத்தான் அனுப்பினேன். ஒரு வருடம் ஒரு பாப்பாவின் முடி திரிதிரியாக ஒட்டிக்கொண்டு, மறுநாள் அவள் அம்மா நாலு விரல் நீளம் வெட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த முடியைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. அதன் பிறகுதான் என்னிடம் வரும் ஒரு தமிழாசிரியையிடம் உட்கார்ந்து கேட்டேன். நெல்லிக்கனி வாங்கிய ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு. இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி என்றார். புறநானூறு 89-ஆம் பாட்டில் பகை அரசன் இந்த ஔவையை மை தீட்டிய கண்ணும் ஒளி நெற்றியும் உடைய விறலி என்றுதான் கூப்பிடுகிறான். விறலி என்றால் ஆடிப் பாடும் பெண். கம்பு ஊன்றிய பாட்டி இல்லை. அதனால் முதல் வேலையாக வெள்ளை விக்கையும் ஸ்பிரேயையும் ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.

தலைக்குக் குளிப்பதை முதல் நாளே முடித்துவிட வேண்டும். ஷாம்பு வேண்டாம், முடி வழுக்கும், கொண்டை நிற்காது. பத்துப் பூந்திக்கொட்டையை இரவே ஊறப்போட்டு, கொட்டையை நீக்கி, தோலை மட்டும் கசக்கினால் நுரை வரும். இதைத்தான் அந்தக் காலத்தில் பூவந்தி என்றார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி பத்துத் துவரும் (துவர்ப்புச் சரக்கு) ஐந்து விரையும் (வாசனைச் சரக்கு) ஊறிய நீரில் தலை முழுகுகிறாள். உரைகாரர் தரும் அந்தப் பத்தில் பூவந்தி ஒன்று. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் இன்னும் மூன்று. அதனால் நெல்லிமுள்ளி (காய்ந்த நெல்லிக்காய்) ஒரு கைப்பிடி சேர்த்து ஊறவைத்தால் தப்பில்லை. கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, ரொம்ப எரியும். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஊற்றுங்கள்.

மாதவி கூந்தலை உலர்த்துவது புகையில். அகிலுக்கு நாம் எங்கே போவது? சாம்பிராணி போதும். முடி முக்கால்வாசி காய்ந்த பிறகு, தணலுக்கு ஒன்றரை அடி மேலே கூந்தலை விரித்துப் பிடியுங்கள். நாடகத் துணியைப் போட்டுக்கொண்டு புகை காட்டவே கூடாது. அந்தத் துணி பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும்.

அடுத்து வாருவது. கீழடி அகழாய்வில் தந்தச் சீப்பே கிடைத்திருக்கிறது, அதனால் சீப்புக்குத் தடை இல்லை! சங்கப் பாட்டில் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. உரைகாரர்கள் இதை ஐந்து வகை ஒப்பனை என்று விளக்குகிறார்கள்: உச்சியில் முடிந்தால் முடி, பக்கத்தில் முடிந்தால் கொண்டை, பின்னால் செருகினால் சுருள், சுருட்டி முடிந்தால் குழல், பின்னித் தொங்கவிட்டால் பனிச்சை. இந்த ஐந்தையும் கூட ஆடும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். மேடையில் ஒரே மாதிரி ஐந்து ஜடை நிற்பதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும். அடர்த்தி குறைந்த பிள்ளைக்குக் குழல். சவுரி வைத்து, நாலு விரலில் சுற்றி உருட்டி, உள்பக்கமாக ஊசி குத்தினால் அசையாது. நீளமுடிப் பிள்ளைக்குப் பனிச்சை.

ஔவைக்கு நான் போடுவது சுருள். ஊர் ஊராக நடந்து போகிறவளுக்கு அதுதான் வசதி என்பது என் எண்ணம். வகிடு எடுக்காமல் முடியைக் கையாலேயே பின்னுக்குத் தள்ளி, ஒரு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே செருகிவிடுங்கள். எண்ணெய் அரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். காதோரம் நாலு இழை பிரிந்து தொங்கட்டும். அவளுக்கு நிறையப் பூ வைக்காதீர்கள், ஒரு முழம் முல்லை போதும். ரோஜாவும் செண்டுமல்லியும் நம்ம பூ மார்க்கெட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். செண்டுமல்லி அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த பூ.

அதியமான் பையனுக்கு உச்சியில் சின்னதாக ஒரு முடிச்சு. கிராப்பு முடிக்குச் சவுரியைக் கறுப்பு நாடாவில் கட்டி ஒட்டவைக்கலாம். தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் கை தானாக வரும். அவை அதியமானுக்குப் பிந்தியவைதான், ஆனாலும் வீரன் கூந்தலை எப்படி அள்ளி முடிந்திருக்கிறான் என்று கல்லிலேயே தெரியும். ஔவை அவன் குலத்துக்குப் பனம்பூ மாலை சொல்கிறாள். ஆண்பனைப் பாளை கிடைக்காத மாதத்தில் பனங்குருத்தைக் கீறி மடித்துக் கட்டிக் கொள்ளுங்கள். காகிதக் கிரீடத்தை வைத்து அதை மறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

ஔவைக்கு ஏன் எண்ணெயும் பூவும் குறைவு என்று கேட்பார்கள். அஞ்சி, அதாவது அதியமான், இறந்த பிறகு அவள் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, புறநானூறு 235. நரந்தப் புல் மணக்கும் தன் கையால், புலால் வாடை அடிக்கும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்று அதில் அழுகிறாள். அந்தப் பாட்டை முதலில் கேட்டபோது சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் தலையைத் தொட்டே பிழைக்கிறேன். தலையைத் தொடுகிற கையை இப்படி நினைத்து அழுத ஒருத்தி நம்ம ஊர் அரசனோடு பழகியிருக்கிறாள்!

இப்போதெல்லாம் நாடகத்தின் கடைசியில் அந்தக் காட்சியையும் சேர்க்கச் சொல்கிறேன். சேர்த்தால், திரை தூக்கும் முன் அஞ்சி பையனின் உள்ளங்கையில் எலுமிச்சைப் புல்லைக் கசக்கித் தேய்த்துவிடுங்கள், நரந்தமும் வாசப்புல்தான். முன்வரிசைக்குக்கூட அந்த மணம் போகாது. ஔவையாக நிற்கும் பாப்பாவுக்கு வரும். சுருளை மட்டும் இறுக்கமாகச் செருகியிருங்கள், அவன் தடவும்போது அவிழக் கூடாது.